கல்லாப்பெட்டிக்கு எதுக்குங்க கும்பிடு?

"அந்தக் காலத்துல கேம்னா கேம். மூணு உயிர். போச்சுன்னா முதல்லேர்ந்து ஆடணும்." ரெட்ரோ பாணியில் ஒரு வாள்வீச்சு கேம் வந்தால் போதும், இந்தப் பல்லவி ஆரம்பித்துவிடும். எளிதாக்கிவிட்டார்களாம், ஆன்மா போய்விட்டதாம். பழைய நினைப்பு, பாவம் என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. இது வரலாறு தெரியாத பேச்சு.

முதலில் ஆர்கேடுக்குப் போவோம். பக்கவாட்டில் நகர்ந்தபடியே எதிரிகளை வெட்டிச் சாய்க்கும் சேகாவின் 'கோல்டன் ஆக்ஸ்' 1989இல் வந்தது. அந்தக் கால ஆர்கேடு போர்டுகளில் குட்டிச் சுவிட்சுகள் இருக்கும். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை காசு, ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதையெல்லாம் கடைக்காரரே அதில் தட்டி மாற்றிக்கொள்ளலாம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், நீங்கள் ஆன்மா என்று கும்பிடுவது வெறும் செட்டிங். அதை மாற்றும் அதிகாரம் கல்லாவில் உட்கார்ந்திருந்தவரிடம் இருந்தது.

வீட்டு கேம் அப்படி இல்லை என்பீர்கள். சரி, டெக்மோவின் 'நிஞ்சா கெய்டன்' மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொள்வோம். 1991இல் வந்தது. ஜப்பானியப் பதிப்பில் தோற்றபின் எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரலாம், பாஸ்வேர்டும் உண்டு. அமெரிக்கப் பதிப்பில் பாஸ்வேர்டைத் தூக்கிவிட்டார்கள். ஐந்து முறைதான் தொடரலாம், ஒவ்வொரு அடிக்கும் சேதமும் அதிகம். இப்போ சொல்லுங்க, எது அசல்? எதில் ஆன்மா இருக்கு?

கஷ்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. குதிக்கும் நொடியில் பறவை வந்து மோதி நம்மைப் பள்ளத்தில் தள்ளுகிறதே, அது வடிவமைப்பு. நேரம் பார்க்கவும் பொறுக்கவும் அது நமக்குச் சொல்லித்தருகிறது. ஆனால் அந்த ஒரு தாவலைப் பழக, ஏற்கெனவே கைவந்த இருபது நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஆடச் சொல்வது வெறும் தண்டனை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பாரம்பரியம்' என்று லேபிள் ஒட்டுவதுதான் மோசடி.

அந்த மூட்டையைப் பிரித்துக் காட்டிய கேம் ஒன்று உண்டு. கனடாவின் சபோடாஜ் ஸ்டுடியோ உருவாக்கி 2018இல் வெளிவந்த 'தி மெசஞ்சர்'. 'நிஞ்சா கெய்ட'னின் வாரிசு என்பது பார்த்த உடனேயே தெரியும். அதில் காற்றில் இருக்கும்போது எதிரியையோ விளக்கையோ வெட்டினால் இன்னொரு முறை குதிக்கலாம். வாளே காலாகிவிடுகிறது. தப்பினால் சாவுதான். ஆனால் உயிர்க் கணக்கு கிடையாது. குவார்பிள் என்ற குட்டிச் சாத்தான் காப்பாற்றிக் கடைசிச் சோதனைச் சாவடியில் விடும், நக்கலும் அடிக்கும், அடுத்துக் கிடைக்கும் சில்லறையைக் கொஞ்ச நேரம் கடனுக்குப் பிடித்துக்கொள்ளும். கஷ்டம் அப்படியே இருக்கிறது, போனது கல்லாப்பெட்டி மட்டும்தான்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கும், விரல் வேகம் குறைந்தவருக்கும் இந்தக் கலையில் பங்கு உண்டு. பழையதைக் காப்பாற்றுகிறேன் என்று அவர்களை வாசலில் நிறுத்துகிறவர் காப்பாற்றுவது கலையை அல்ல. என்றோ மூடிப்போன கடைக்கு இன்னமும் வசூல் பண்ணிக்கொண்டிருக்கிறார்.