கதியால் காட்டாத எல்லை

“உறுதி கையில கிடக்கு, வேலி கண்ணுக்கு முன்னால நிக்குது. பிறகென்னத்துக்குப் படம்?” யாழ்ப்பாணத்தில் வீடு கட்டப் புறப்படுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. வரைபடம் பிரதேச சபையின் கையெழுத்துக்காகக் கொடுக்கும் கடதாசிதான், காணியை அறிய உறுதியும் வேலியும் போதும் என்பது இவர்களின் நம்பிக்கை. வாழ்நாள் சேமிப்பையும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் உழைப்பையும் அத்திவாரத்தில் கொட்டுமுன் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

முதலில் பரப்புக் கணக்கு. 1 பரப்பு 18 குழி, 10 பேர்ச், 2722.5 சதுர அடி. 16 பரப்பு சேர்ந்தால் ஓர் ஏக்கர். இதில் எவருக்கும் சந்தேகமில்லை. பிழை பெருக்கலில் வருகிறது. 60 அடி முகப்பு, 90 அடி நீளம், ஆகவே 5400 சதுர அடி, கிட்டத்தட்ட 2 பரப்பு என்கிறார்கள். மூலைகள் நான்கும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே அது சரி. ஒழுங்கை வளைந்த பக்கமெல்லாம் வளைந்து, சீதனத்துக்கும் பங்குக்கும் துண்டாடப்பட்ட காணிகளில் மூலைமட்டம் எங்கே கிடைக்கும்? அதே பக்க அளவுகளோடு காணி சரிந்து, ஒரு மூலை 70 பாகையாக இருந்தால் 5074 சதுர அடிதான் தேறும். இரண்டு குழிக்கு மேல் காணாமற் போகும். நில அளவையாளர் மூலைவிட்டம் போட்டுக் காணியை முக்கோணங்களாகப் பிரிப்பது இதனால்தான். பழைய படங்களில் நீளம் சங்கிலியிலும் லிங்கிலும் இருக்கும். 100 லிங்க் 66 அடி. 90 லிங்கை 90 அடியென்று வாசித்தவர் 30 அடியைக் கனவில் வாங்கியிருக்கிறார்.

அடுத்தது, வேலிதான் எல்லை என்ற வாதம். பழைய உறுதிகள் பலவற்றில் காணியின் பெயர் இருக்கும், நான்கு பக்கத்து அயலவர் பெயர் இருக்கும், மொத்தப் பரப்பு இருக்கும். எந்தப் பக்கம் எத்தனை அடி என்று இராது. அந்த இடைவெளியில்தான் கிளுவையும் பூவரசும் நகர்கின்றன. கதியாலை மாற்றி நடும்போது ஒரு சாண் தள்ளி நடுவதற்கு ‘வேலி அரக்கிறது’ என்று ஊரில் தனிச் சொல்லே உண்டு. 90 அடி நீளத்துக்கு ஓர் அடி அரக்கினால் அரைக்குழிக்கு மேல் போய்விடும்.

பத்து வருடம் நின்ற வேலியை அசைக்க முடியாது என்பாரும் உண்டு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து ஆண்டு என்று சொல்வது உண்மை. ஆனால் உரிமையாளருக்கு எதிராக, இடையறாது ஆண்டதை நீதிமன்றில் நிறுவவேண்டும். போரால் தம் காணி உரிமையைக் காக்க முடியாமற் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் நிபந்தனைகள் பொருந்தினால், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேராது என்று அது விதித்தது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் போனவர்கள் பற்றைக்காட்டுக்குத் திரும்பி வந்தபோது, எந்தக் கதியால் அவர்களுக்கு எல்லை காட்டியிருக்கும்?

எல்லையிலிருந்து விடும் இடைவெளி வீணான நிலம் என்பதுதான் மிகவும் கெடுதலான வாதம். வீதிப் பக்கத்தில் கட்டடக் கோட்டை வேலியிலிருந்து அளப்பது வழமையான தவறு. வீதியின் நடுக்கோட்டிலிருந்து அது அளக்கப்படுவதுண்டு. பக்கவாட்டில் இடம் விடாவிட்டால் தாவாரத்துத் தண்ணீர் அயல் வளவில் விழும், யன்னல் வைக்க வழியிராது. இவையாவது பேசித் தீரக்கூடியவை.

கிணறு அப்படியல்ல. குடாநாட்டின் அடியில் கிடப்பது வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக் கல். புத்தூருக்கு அருகில் நிலாவரையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல் எவ்வளவு பொள்ளலானது என்று விளங்கும். மலசலகூடக் குழியில் இறங்குவது அந்த வெடிப்புகளின் வழியே கிணற்றுக்கு வந்துவிடும். மண் வடிகட்டித் தருமென்று நம்பமுடியாது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பார்கள். இந்தக் கல்லில் அதுவும் குறைவுதான். ஒரு பரப்புச் சதுரக் காணியின் பக்கமோ வெறும் 52 அடி. கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருந்தால் 50 அடி கிடைக்கும், ஆனால் அந்த எதிர் மூலைக்கு அப்பால் அயலவரின் கிணறு இருக்கலாம். எந்த உறுதியிலும் எந்த வேலியிலும் அது தெரியாது. நில அளவையாளர் வரும் நாளில் அயல் வளவுக் கிணறுகளையும் படத்தில் குறிக்கச் சொல்லி, ஒவ்வொன்றைச் சுற்றியும் 50 அடி வட்டமாவது போட்டுப் பார்த்த பிறகே குழிக்கு இடம் தெரிவுசெய்யவேண்டும். வட்டத்துக்கு வெளியே இடம் கிடைக்கவில்லையென்றால், அத்திவாரம் வெட்டுமுன் வீட்டின் படத்தைத்தான் மாற்றவேண்டும்.