பள்ளிவாசலுக்கு மட்டும் ஏன் 107 கார்?

அமெரிக்க நகரங்களில் குடியிருப்பு, வணிகம், தொழில் என நிலங்களை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். நாம் வாங்கிய இடம் வழிபாட்டுத் தலத்துக்கு அனுமதியில்லாத மண்டலத்தில் இருந்தால், மண்டலத்தை மாற்றித் தரும்படி நகராட்சியிடம் மனு செய்ய வேண்டும். ஜார்ஜியா மாநிலம் லில்பர்ன் நகரில் ஷியா பள்ளிவாசல் ஒன்றின் அத்தகைய மனு 2009லும் 2010லும் மறுக்கப்பட்டது. விவகாரம் வழக்கு வரை போய், 2011ல்தான் அனுமதி கிடைத்தது.

நியூஜெர்சியில் பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப் முஸ்லிம்களுக்கு மண்டல மாற்றமே தேவைப்படவில்லை. வழிபாட்டுத் தலங்களுக்கு ஏற்கெனவே அனுமதியுள்ள பகுதியில் 2011ல் சுமார் 4 ஏக்கர் வாங்கி, 2012ல் கட்டட வரைபடத்தோடு மனு செய்தார்கள். சங்கத்தின் தலைவர் முஹம்மது அலி சவுத்ரி, அவ்வூரின் முன்னாள் மேயர். அவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள் கதி? மூன்றரை ஆண்டுகளில் 39 விசாரணைக் கூட்டங்கள் நடந்தன.

பிரச்சினை பார்க்கிங்கில் தொடங்கியது. தேவாலயங்களுக்கும் யூத ஆலயங்களுக்கும் மூன்று பேருக்கு ஒரு கார் நிறுத்தும் இடம் என்ற கணக்கையே அவ்வூர் பின்பற்றி வந்தது. அதன்படி பள்ளிவாசலுக்கு 50 இடம் போதும். ஆனால் கேட்டது 107! இடத்தைக் கூட்டினால் மழைநீர் வடிகால் முதல் மரவேலி வரை எல்லாம் மாறும். மாறியதற்கெல்லாம் புதுக் கேள்வி வரும். மனு நிலுவையில் இருந்த 2013லேயே, குடியிருப்புப் பகுதியில் வழிபாட்டுத் தலம் கட்டக் குறைந்தது 6 ஏக்கர் வேண்டும் என்று விதியும் திருத்தப்பட்டது. 2015 டிசம்பரில் மனு தள்ளுபடியானது. வடிகால், தீயணைப்பு வண்டிக்கான பாதை என்றெல்லாம் காரணம் காட்டினார்கள்.

சங்கமும் மத்திய அரசின் நீதித்துறையும் தனித்தனியே வழக்குத் தொடுத்தன. பார்க்கிங் விஷயத்தில் பள்ளிவாசலுக்கு வேறு அளவுகோல் வைத்தது பாரபட்சம் என்று 2016 டிசம்பர் 31ல் நீதிபதி தீர்ப்பளித்தார். 2017 மே மாதம் 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தர டவுன்ஷிப் இணங்கியது. பள்ளிவாசலுக்கும் அனுமதி கிடைத்தது.

வழிபாட்டுத் தலங்களைச் சமமாக நடத்தச் சொல்லும் மத்தியச் சட்டம் 2000 முதலே இருக்கிறது. ஆனால் பாரபட்சத்தைக் காட்ட, மற்ற ஆலயங்களுக்கு நகராட்சி என்ன கேட்டது என்ற ஆதாரம் கையில் வேண்டும். அங்கே நிலம் தேடும் ஜமாஅத்கள் பத்திரம் முடிக்கும் முன்பே அந்தப் பழைய அனுமதிக் கோப்புகளைக் கேட்டு வாங்கி, முதல் கூட்டத்திலேயே பதிவில் சேர்த்துவிடுவது நல்லது.