சர்வரின் பொறுமைக்கு எல்லை எது?

தபால் நிலையம் ஒன்றில் நான்கு ஜன்னல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். நால்வர் வந்து, ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சொல்லாகத் தங்கள் தேவையைச் சொல்லிக்கொண்டே இருந்தால், பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான். அவர்கள் கூச்சலிடவில்லை, கல்லெறியவில்லை, ஆயினும் அலுவல் நின்றுவிடுகிறது. இணையதளங்களைத் தாங்கி நிற்கும் சர்வர்களை முடக்கும் தந்திரங்களுள் ஒன்று இத்தகையதே.

இணையதளத்தை நாடும் கணினி தன் கோரிக்கையைச் சில வரிகளாக அனுப்பி, இறுதியில் ஒரு வெற்று வரியால் அதன் முடிவை அறிவிக்க வேண்டும் என்பது விதி. தாக்குவோனின் கணினி அந்த வெற்று வரியை அனுப்புவதே இல்லை. இணைப்பு அறுபடாதிருக்கும் அளவுக்கு, அவ்வப்போது ஒரு வரியை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருளின் பழைய அமைப்பு முறையில் இணைப்பு ஒவ்வொன்றும் ஓர் ஏவலாளைப் பிடித்துக்கொள்கிறது. ஏவலாட்களின் வழக்கமான உச்ச எண்ணிக்கை 256. அத்தனை பேரையும் முடக்கிவைக்க ஒரு சாதாரணக் கணினியே போதும். 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ராபர்ட் ஹான்சன் வெளியிட்ட 'ஸ்லோலோரிஸ்' என்னும் நிரல் இவ்வுபாயத்தைப் பலரும் அறியச் செய்தது. தேவாங்கின் இனத்தைச் சேர்ந்த, மெல்ல நகரும் விலங்கொன்றின் பெயர் அது. அதே ஆண்டு ஈரானில் தேர்தலையொட்டி எழுந்த கிளர்ச்சியின்போது அரசாங்கத் தளங்களுக்கு எதிராக இது பிரயோகிக்கப்பட்டது.

இதற்குப் பரிகாரமாக முதலில் தோன்றுவது, மெல்லப் பேசுவோரை உடனே வெளியேற்றுவதாகும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. மலைக் கிராமத்துப் பள்ளியிலிருந்து மதிப்பெண் பட்டியலை அனுப்பும் ஆசிரியரும், வயலில் நின்று பயிரின் படத்தை அனுப்பும் கள ஊழியரும் மெல்லத்தான் பேசுகின்றனர். குற்றம் அவர்களுடையதன்று, கோபுரத்தின் தொலைவே காரணம். ஒரே முகவரியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு எண்ணிக்கை வரம்பு விதிப்பதும் முழுத் தீர்வாகாது. கைப்பேசி நிறுவனங்கள் வாடிக்கையாளர் பலரை ஒரே பொது முகவரியின்கீழ் அடக்குவதுண்டு. ஆகவே, மிகக் குறுகிய வரம்பு குற்றமற்ற பலரையும் ஒருங்கே தள்ளிவிடும்.

தாமதத்தைத் தண்டிப்பதன்று, முன்னேற்றத்தை அளப்பதே நியாயமான முறை. அப்பாச்சியின் 2.4-ஆம் பதிப்பில் இதற்கென்றே ஒரு கூறு உண்டு. அதன் வழக்கமான அமைப்பில், கோரிக்கையின் தலைப்பு வரிகளுக்கு முதலில் 20 வினாடி அளிக்கப்படுகிறது. வந்து சேரும் ஒவ்வொரு 500 பைட்டுக்கும் ஒரு வினாடி கூடுகிறது. மொத்தம் 40 வினாடியைத் தாண்டலாகாது. பின்னர் வரும் கோப்புக்கும் இதே கணக்குத்தான். ஆனால் உச்ச வரம்பு இல்லை. வினாடிக்கு 500 பைட் என்பது பழைய 2ஜி இணைப்பும் சாதாரணமாக எட்டக்கூடிய வேகம். எனவே உண்மையாகவே அனுப்பிக்கொண்டிருப்பவர் தப்புகிறார். அனுப்புவதுபோல் நடிப்பவர் வெளியேற்றப்படுகிறார்.

அந்த வேகத்தையும் சமாளித்து நிற்கும் தாக்குவோன் இருக்கக்கூடும். ஆதலால் முன்னிலைக் காவலும் வேண்டும். 2004-இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் போன்ற மென்பொருள்கள் சில ஏவலாட்களைக் கொண்டே ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்கவல்லவை. கோரிக்கை முழுவதும் வந்தபின் அதைப் பின்னாலுள்ள சர்வரிடம் ஒப்படைக்கும்படி அவற்றை அமைக்கலாம். மெல்ல வருவோர் முற்றத்தில் காத்திருக்க, உள்ளே அலுவல் தடையின்றி நடைபெறும்.

காலக்கெடுவை நிர்ணயிக்கும் பொறியாளர், தலைமை அலுவலகத்து வேகமான இணைப்பில் மட்டும் அதைச் சோதித்தல் போதாது. மிகத் தொலைவிலுள்ள பள்ளியிலிருந்தும் சோதிக்க வேண்டும். கள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அனுப்புகை நடுவில் அறுந்தால், மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவதோடு நில்லாமல், இடத்தையும் நேரத்தையும் கோப்பின் அளவையும் குறித்துத் தெரிவித்தல் நலம். அக்குறிப்பு இல்லாவிடில், சர்வரின் கதவு யார்மீது மூடப்படுகிறது என்பதை அதன் காவலர் அறிய வழியில்லை.