ஸ்டிக்கர் அப்புறம், பிரேக் முதல்ல

கம்பத்துல அக்கா பையன் ஏழாவது படிக்கிறான். அவனுக்காக என்னோட பழைய ஹெர்குலிஸ் எம்டிபியைத் தூசி தட்டிக்கிட்டு இருக்கேன். (அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் சரக்கு. 90கள்ல பசங்க இதுக்குத்தான் ஏங்குவோம்.) "புதுசா கியர் வண்டி வாங்கிக் குடுத்துட்டுப் போயேன்டா"ங்குது அக்கா. ம்ஹூம், மாட்டேன்.

இரும்பு ஃப்ரேமுங்க. விரிசல் விட்டாலும் பக்கத்து வெல்டிங் பட்டறையிலயே பத்த வச்சிரலாம். மலிவு கியர் வண்டியில கியர் மாத்துற சாமான் வளைஞ்சா யார்கிட்ட தூக்கிட்டு அலையறது?

ஆனா அப்படியே குடுத்துட முடியாது. இதுல முன்னாடி 44 பல், பின்னாடி 18. பெடல் ஒரு சுத்துக்குச் சக்கரம் 2.44 சுத்து. ஆடி மாசம் கூடலூர் பக்கம் எதிர்காத்துல போய்ப் பாருங்க, பெரியவங்களுக்கே முட்டி கழண்டுரும். பின்னாடி 22 பல் ஃப்ரீவீல் போட்டா சரியா 2 சுத்து. செயின்ல ரெண்டு கண்ணி சேர்க்கணும், அவ்ளோதான். வேகம் குறையும். குறையட்டுமே!

பயலுக்கு வேண்டியது தீஜ்வாலை ஸ்டிக்கர் :-) எனக்குக் கவலையெல்லாம் பிரேக்தான். இரும்பு ரிம் நனைஞ்சா பிரேக் கட்டை பிடிக்காம வழுக்கும். சாரல்ல கம்பம்மெட்டு இறக்கத்துல கூட்டாளிங்களோட இறங்குறான்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது. அதனால அலுமினிய ரிம், புதுக் கட்டை, புது கேபிள். காசு மிஞ்சினா ஸ்டிக்கர் ஒட்டிக்கட்டும்.