முதலாளியோடு கடையும் மூடவேண்டுமா?

சுயதொழில் என்றால் அதைத் தொடங்குவது பற்றியே எல்லோரும் பேசுகிறோம். கடன் கொடுப்பவர்களும் பயிற்சி நடத்துபவர்களும் கேட்பது, "என்ன தொழில் தொடங்கப் போகிறீர்கள்?" என்பதுதான். 20 வருடம் கழித்து அதை யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கடைவீதிகளிலும் தோட்டத்துச் சந்திகளிலும் நம்மவர்கள் நடத்தும் சில்லறைக் கடை, தையற்கடை, பேக்கரி, மரக்கறி வியாபாரம் ஆகியவற்றில் பல, நடத்தியவர் நோயில் விழும்போதோ பிள்ளைகளிடம் வெளிநாடு போகும்போதோ நின்றுவிடுகின்றன. அந்த நட்டம் ஒரு குடும்பத்தோடு முடிவதில்லை. அங்கே வேலை செய்த தோட்டத்துப் பிள்ளைகளும் மறுபடி கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள்.

முதலாளி 10 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் கடை நடக்குமா? 'ஆம்' என்று சொல்ல முடியாவிட்டால் அவரிடம் இருப்பது தொழில் அல்ல, நாட்சம்பளம்தான். அதை விற்கவும் முடியாது, பெருக்கவும் முடியாது. இரண்டாவது கடை திறக்கத் தேவையானதும், வயதான காலத்தில் ஒதுங்கத் தேவையானதும் ஒன்றே: முதலாளி இல்லாமலும் நடக்கும் ஒழுங்கு.

இந்த ஒழுங்கு தமிழருக்குப் புதியதல்ல. இலங்கையின் தோட்டங்களுக்கும் வியாபாரிகளுக்கும் கடன் கொடுத்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களை எண்ணிப் பாருங்கள். உரிமையாளர் செட்டிநாட்டில் இருப்பார். கடை கொழும்புச் செட்டியார் தெருவில் நடக்கும். பொறுப்பு ஏஜண்டின் கையில். அவருக்குத் தவணை பெரும்பாலும் 3 வருடம். தவணை முடிந்ததும் பேரேட்டைச் சரிபார்த்து, ஐந்தொகை எடுத்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். கடைக்கு 'விலாசம்' என்ற பெயரெழுத்துக்கள் உண்டு. ஆள் மாறினாலும் விலாசம் மாறாது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாக உயர வழியிருந்தது. அவர்களுடைய வட்டியை நான் போற்றவில்லை. அந்த ஏணி தம் சாதிக்குள்ளேயே நின்றது என்பதும் உண்மை. ஆனாலும் ஆளைச் சாராத கணக்கு, உயர வழியுள்ள வேலையாள், கைமாற்றத்துக்குக் குறித்த நாள் ஆகிய மூன்றையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது கணக்கு. வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே லாச்சியில் கிடக்கும்வரை இலாபம் எவ்வளவு என்று முதலாளிக்கே தெரியாது. கடன் கொப்பியில் இருப்பது பாதி, மனதில் இருப்பது பாதி. முதலாளி தமக்கும் ஒரு மாதச் சம்பளம் குறித்து, அதற்கு மேல் எடுப்பதை எழுதிவைக்க வேண்டும். நம் மக்களுக்கு இது மேலும் அவசியம். தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும் காணி உறுதி இல்லாதவர்கள் பலர். வங்கியில் வைக்கவோ வாங்க வருபவரிடம் காட்டவோ நிலம் இல்லாதவருக்கு, சில வருடத்து ஒழுங்கான கணக்கே உறுதி.

இரண்டாவது வேலையாள். 10 வருடம் மூட்டை தூக்கிய பொடியனிடம் பெட்டிச் சாவியை ஒருநாளும் கொடுக்காத முதலாளிகள் உண்டு. கேட்டால், "நம்பிக்கை இல்லை" என்பார்கள். எண்ணிச் சரிபார்க்கக் கணக்கு இல்லாத இடத்தில் யாரைத்தான் நம்ப முடியும்? ஒருவரைக் கொள்முதலிலும் இன்னொருவரைக் கல்லாவிலும் பழக்குங்கள். இலாபத்தில் சிறு பங்கு கொடுங்கள். மகனுக்கு விருப்பமில்லை என்றால், கடையை நன்கறிந்த வேலையாளே அதைத் தவணை முறையில் வாங்கத் தகுந்தவர். பல கடைகளில் உண்மையில் வியாபாரம் பார்ப்பது மனைவியோ மகளோதான். அடுத்த பொறுப்பாளர் யார் என்ற பேச்சில் அவர்கள் பெயரே வராதிருப்பது அநீதி.

மூன்றாவது சட்டமும் நாளும். தனியாள் பெயரில் பதிந்த வியாபாரத்தைச் சட்டம் அவரிலிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. அவர் இறந்தால் வங்கியில் உள்ள பணத்தை எடுக்கவே குடும்பம் அலைய வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஒரே பங்குதாரருடனும் கம்பனி பதிய இடமளிக்கிறது. கம்பனி சட்டத்தின் முன் தனி ஆள். அதன் பங்குகளைச் சிறிது சிறிதாகக் கைமாற்றலாம். அதற்குச் செலவும் ஆண்டறிக்கையும் உண்டு. சிறு கடைக்கு எழுத்து மூலமான கூட்டாளி உடன்படிக்கையும் மரணசாசனமும் போதுமானதாக இருக்கலாம். எதுவாயினும் நடமாட்டம் உள்ளபோதே எழுதவேண்டும்.

உரிமையாளர் மாறும்போது என்ன நடக்கும் என்பதைத் தோட்ட மக்களைவிட நன்கறிந்தவர் யார்? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் தனியாரிடம் வந்தது. பின்னர் பிராந்தியக் கம்பனிகளில் 10 வீதப் பங்குகள் ஊழியர்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆனால் தோட்டத்தை நடத்துவதில் அவர்களுக்குக் குரல் கிடைக்கவில்லை. தம் தலைக்கு மேலே நடந்த கைமாற்றங்களைக் கண்ட மக்களின் பிள்ளைகள், தம் கடையில் வேலை செய்பவரிடம் அதே விதமாக நடக்கலாகாது.

தேயிலைக் கன்று நட்டு நல்ல கொழுந்து எடுக்க 3, 4 வருடம் ஆகும் என்பது நமக்குத் தெரியும். அடுத்த பொறுப்பாளரை உருவாக்கவும் அவ்வளவு காலம் வேண்டும். 60 வயதில் ஒதுங்க நினைப்பவர் 55 இலேயே கன்றை நடட்டும். முதற்படியாக, இந்த ஆண்டு ஒரு வாரம் கடைப் பக்கம் போகாமல் இருந்து பாருங்கள். அந்த வாரத்தில் எந்தெந்த வேலை நின்றதோ, அதை எழுதிவைத்து இன்னொருவருக்குப் பழக்குவதிலிருந்து தொடங்குங்கள்.