கிராமத்துக்குத் தேவை பெரிய தொட்டியா, நல்ல பம்பா?

மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கியது. பணம் வந்தால் வண்டி வாங்குவார்கள். வண்டி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 4,500 லிட்டர் தண்ணீர் சுமக்கும் சிவப்பு லாரிதான். மாநகரத்துக்கு அது வேண்டும். தாலுகா தலைநகரத்து நிலையத்துக்கும் வேண்டும். ஆனால், அந்த லாரி வந்து சேரும்வரை தீயை மறித்து நிற்க வேண்டிய ஊர்த் தன்னார்வலர்களுக்கு அதே அளவுகோலில் வண்டி தேடுவது வீண். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்தமித்ரா திட்டம் தமிழ்நாட்டிலும் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறது. அவர்களை வைத்து ஊர்ப் படை அமைப்பதானால், அதற்கான வண்டியைத் தொட்டியின் கொள்ளளவைப் பார்த்து வாங்கக் கூடாது. ஊரில் தண்ணீர் எங்கே இருக்கிறது, அதை எந்தப் பம்பு எடுக்கும் என்று பார்த்தே வாங்க வேண்டும்.

திருச்சி உறையூரிலிருந்து குழுமணி, கோப்பு பக்கம் போகிற சாலையை எடுத்துக்கொள்வோம். வயல், வாழைத் தோட்டம், வாய்க்கால், மதகு என்று விரியும் காவிரிப் பாசனப் பகுதி அது. இங்கே எரிவது வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, கீற்றுக் கூரை. பிரதமர் கிராமச் சாலைத் திட்ட விதிப்படி ஒற்றைத் தடச் சாலையின் அகலம் 3.75 மீட்டர், போக்குவரத்து குறைவாக இருந்தால் 3 மீட்டர். தண்ணீர் மட்டுமே நாலரை டன் கனக்கும் லாரி, வாய்க்கால் கரையில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமின்றி நிற்கும். தீயணைப்புக்கான தேசிய ஆலோசனைக் குழு கிராமப்புறத்தில் வண்டி வந்து சேர அனுமதிக்கும் நேரம் 20 நிமிடம். கீற்றுக் கூரை அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஊர்ப் படைக்கு வேலையே அந்த 20 நிமிடத்தில்தான்.

இனி கணக்குக்கு வருவோம். தூக்கிச் செல்லும் தீயணைப்புப் பம்புக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் ஓர் அளவு நிமிடத்துக்கு 275 லிட்டர். நீர்நிலையோரம் இறக்கி வைத்தால், ஏறத்தாழ 16 நிமிடத்துக்கு ஒரு லாரித் தண்ணீரை அது கொடுத்துக்கொண்டே இருக்கும். பெரிய லாரியின் தொட்டியோ ஒருமுறை காலியானால் நிரப்ப ஓட வேண்டும். ஜப்பானில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பல குழுக்கள், கையால் இறக்கக்கூடிய பம்பைச் சிறு டிரக்கில் ஏற்றிக்கொண்டு குறுகிய தெருக்களில் புகுந்துவிடுகின்றன. நம் ஊர்க் குட்டியானைச் சரக்கு வண்டி முக்கால் டன் வரை சுமக்கும். 400 லிட்டர் தண்ணீர், பம்பு, ஹோஸ் சுருள்கள், இரண்டு ஆட்கள்: அடங்கிவிடும். 275 லிட்டர் வேகத்தில் பீய்ச்சினால் அந்தத் தண்ணீர் ஒன்றரை நிமிடத்தில் தீரும் என்பது உண்மை. நிமிடத்துக்கு 20 லிட்டர் நுண்துளியாகத் தெளித்தால் 20 நிமிடம் தாங்கும். அதற்குள் மற்றவர்கள் பம்பை இறக்கி ஹோஸை இழுத்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் வலுவான ஆட்சேபம் எழும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடப்பட்டு ஜூன் 12-ல் திறக்கப்படுகிறது. தீ அதிகம் பிடிக்கும் மாசி முதல் வைகாசி வரை வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும். எந்தப் பம்பாலும் ஏறத்தாழ ஏழு மீட்டருக்குக் கீழிருந்து உறிஞ்ச முடியாது என்பதால் ஆழ்துளைக் கிணறும் நேரடியாக உதவாது. ஆனால், ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. 30,000 லிட்டர் தொட்டி சாதாரணம். அதன் அடியில் தீயணைப்புத் துறையின் 63 மில்லிமீட்டர் ஹோஸ் பொருந்தும் இணைப்பு ஒன்றை வைத்துவிட்டால் ஊருக்கே நீர் நிரப்பும் நிலையம் கிடைத்துவிடும். வண்டிக்கு டெண்டர் விடும் முன் செய்ய வேண்டிய செலவு இது. வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். மணப்பாறை, மருங்காபுரி போன்ற மேட்டு நிலத்தில் நிலைமை வேறு. அங்கே தொட்டிதான் முக்கியம். அதற்கும் புது லாரி தேவையில்லை. தண்ணீர் விற்கும் டிராக்டர் டேங்கர்கள் ஊரிலேயே ஓடுகின்றன, பம்பையும் ஹோஸையும் சேர்த்து ஒப்பந்தம் போட்டால் போதும்.

நிலையங்கள் கழித்துவிடும் லாரிகளைக் கிராமத்துக்குத் தரலாமே என்பார்கள். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்க மத்திய விதி அனுமதிப்பதில்லை. உள்ளாட்சிகளுக்கும் இதே விதிதான். விதி தளர்ந்தாலும் லாரி ஓட்டக் கனரக உரிமம் வேண்டும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. நள்ளிரவில் கார் ஓட்டத் தெரிந்தவரை எழுப்பலாம். லாரி ஓட்டுநரை எங்கே தேடுவது? குடிசைகளே மறைந்து வருகின்றனவே என்பது இன்னொரு கேள்வி. 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டத் தமிழ்நாடு அரசு இலக்கு வைத்திருக்கிறது. நல்லதுதான், வைக்கோல் போருக்கும் கொட்டகைக்கும் யாரும் கான்கிரீட் போடப்போவதில்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டதைப் போன்ற தீயை எந்த வண்டியும் தடுத்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது கூரையும் வெளியேறும் வழியும் சம்பந்தப்பட்ட விவகாரம்.

சின்ன வண்டியில் ஆபத்தும் உண்டு. ஆஸ்திரேலியாவின் லிண்டனில் 1998-ல் காற்று திசை மாறி ஐந்து தன்னார்வலர்கள் தங்கள் வண்டியிலேயே கருகினர். தற்காப்புக்கென்று தொட்டியில் ஒரு பங்கு தண்ணீரை மிச்சம் வைக்கும் பழக்கம் அதன்பின் அங்கே அழுத்தமாக வேரூன்றியது. 400 லிட்டர் வண்டிக்கு அந்த ஒழுங்கு இன்னும் அவசியம். அதைவிடச் சாதாரணமான ஆபத்து, ஆறு மாதம் இயக்காத பம்பு அவசரத்துக்குக் கிளம்பாமல் போவது. மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் தினமும் வால்வைத் திறக்க வருகிறார். வண்டியைத் தொட்டியடியில் நிறுத்தி, வாரம் ஒருமுறை பம்பை ஓட்டிப் பார்க்கும் பொறுப்பையும் அதற்கான கூலியையும் அவருக்கே கொடுக்கலாம்.