இருட்டு வீட்டில் கீரை

மதுரையில் வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது. சித்திரை மாத உச்சிப் பொழுதில் மொட்டை மாடியில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் கொட்டுகிறது. ஆனால் மாசி வீதிகளுக்கும் ஆவணி மூல வீதிகளுக்கும் பின்னால் இருக்கிற சந்துகளில், சுவரோடு சுவர் ஒட்டிய நீள வீடுகளின் உள் போர்ஷன்களில் பகலிலேயே விளக்கு எரிகிறது. அங்கே சில நூறு லக்ஸ் இருந்தால் பெரிது. மாடி வீட்டுக்காரருடையது, அதில் தொட்டி வைக்க அனுமதி கிடைக்காது. அப்படி ஒரு வீட்டில் குடியிருக்கும் பெண் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஊதா லைட்டு போட்டா வீட்டுக்குள்ளயே கீரை வளருமாமே? வாங்கலாமா?"

வளர்க்கலாம் தங்கச்சி, ஆனால் ஊதா விளக்கு வேண்டாம் என்றேன்.

ஊதா விளக்கு ஏமாற்று வேலையல்ல. இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகம் விழுங்குகிறது. 1882லேயே ஜெர்மானிய அறிஞர் ஏங்கல்மான் இதை அழகாகக் காட்டினார். பாசி இழை ஒன்றின் மேல் வானவில் நிறங்களைப் படரவிட்டு, ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களை அருகில் விட்டார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில்தான் மொய்த்தன. அந்த இரண்டு நிறங்களை மட்டும் கலந்தால் வருவதே கடைகளில் விற்கும் ஊதா.

ஆனால் பச்சை வெளிச்சம் வீண் என்ற முடிவு அவசர முடிவு. 1972ல் மெக்ரீ என்பவர் 22 பயிர்களின் இலைகளில் நிறம் நிறமாக ஒளிச்சேர்க்கையை அளந்தார். பச்சை ஒளியிலும் இலைகள் நன்றாகவே வேலை செய்தன. இலை பச்சையாகத் தெரிவது, மற்ற நிறங்களைவிடப் பச்சையைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி அனுப்புவதால்தான். பச்சையிலும் பெரும்பகுதியை இலை உள்ளே வாங்கிக்கொள்கிறது. சிவப்பும் நீலமும் இலையின் மேல்தோலை ஒட்டியே தீர்ந்துவிட, பச்சை ஒளி அடி அடுக்கு வரை இறங்குகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்த சங்கதி வேறு. நிறம் செடிக்குச் சோறு மட்டுமல்ல, சேதியும்கூட. 1952ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வகத்தில் லெட்யூஸ் விதைகளுக்குச் சிவப்பு ஒளி காட்டினார்கள், முளைத்தன. அதன்பின் நம் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் தொலைசிவப்பு ஒளியைக் காட்டினார்கள், முளைப்பு நின்றது. மாற்றி மாற்றிக் காட்டியபோது, கடைசியாக விழுந்த நிறம் எதுவோ அதன் சொல்லையே விதை கேட்டது. இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பை விட்டுவிடுகின்றன. அதனால் தொலைசிவப்பு மிகுந்தால், பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருக்கிறது என்று செடி அறிகிறது. உடனே தண்டை நீட்டி மேலே பாய்கிறது. நெருக்கி விதைத்த கீரைப் பாத்தி இளைத்து நெடுநெடுவென்று வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். இடையிடையே பிடுங்கி முளைக்கீரையாக விற்றுவிட்டு மிச்சத்தைத் தண்டுக்கு விடும் கீரைக்காரர்களின் வழக்கத்தில் எத்தனை நுட்பம்!

நீல ஒளி சொல்லும் சேதி நேர் எதிரானது. நீலம் போதுமான அளவு இருந்தால் செடி குட்டையாக, கெட்டியாக, இலை தடித்து வளரும். வெறும் சிவப்பில் வளர்த்த கீரை வெளிறி, கழுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

ஆகவே சாதாரண வெள்ளை எல்.இ.டி. பட்டையே போதும். வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளே ஒரு நீல விளக்கு, மேலே மஞ்சளாக ஒளிரும் பூச்சு; அந்த நீலத்தைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. இன்னொரு நன்மை, இலையில் மஞ்சள் விழுகிறதா, அசுவினி மொய்க்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியும். ஊதா வெளிச்சத்தில் எல்லா இலையும் கறுத்துத் தெரியும். 2015 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தில் வீரர்கள் வளர்த்துச் சாப்பிட்ட சிவப்பு லெட்யூஸுக்கும், சிவப்பு, நீலத்தோடு பச்சை விளக்கும் வைத்திருந்தார்கள். சாப்பிடப்போகும் கீரை கீரையாகத் தெரிய வேண்டுமல்லவா?

நிறத்தைவிட முதலில் வேண்டியது அளவு. உத்தரத்தில் எரியும் விளக்கு செடிக்கு உதவாது. 20 வாட் பட்டை இரண்டை, செடியின் நுனிக்கு ஒரு சாண் மேலே கயிற்றில் தொங்கவிட்டு, செடி உயர உயரத் தூக்கிக் கட்ட வேண்டும். தினம் 14 மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்துக்கு 34 யூனிட் போல ஆகும். தனி மீட்டர் இருப்பவருக்கு அரசு தரும் இலவச யூனிட்டுகளில் இது அடங்கலாம். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கும் வீடுகளில் கைக்காசுதான் போகும். அவர்கள் ஒரே பட்டையும் ஒரு சிறு தட்டுமாகத் தொடங்கட்டும்.

சிறுகீரை, தண்டுக்கீரை வகைகள் பகல் குறைந்தால் சீக்கிரம் பூவுக்குப் போகும். அவற்றுக்கு இந்த நீண்ட வெளிச்சம் நல்லது. பாலக் அப்படியல்ல, பகல் நீண்டால்தான் அது தண்டு விட்டுப் பூக்கும். பாலக் போடுகிறவர்கள் 11 மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள்.